மஞ்சள் பூசி மறைத்த முகூர்த்தக்கால்

மகனே,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. இந்த ஐந்து நாளில் நான் ஓர் இடத்தில் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தது கிடையாது. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் வாசல்வரை போகிறேன், வாசலுக்குப் போனால் உன் அம்மா மரம் நட்ட மூலை கண்ணில் படுகிறது, உடனே உள்ளே திரும்பிவிடுகிறேன். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா மாரியாயி இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னங்க கங்காணி, மகனுக்குக் கல்யாணம்னா இப்பிடியா? காலுல சக்கரம் கட்டின மாதிரி அலையுறீங்களே" என்று கேலி செய்தாள். ஆமாம் என்று சிரித்து வைத்தேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. மூன்றிலும் கொஞ்சம் பொய் கலந்திருந்தது. இது நாலாவது. இதை இன்று தபாலில் சேர்க்காவிட்டால் நான் சேர்க்கவே மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தை லயத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். பசறை மலைக்கு அந்தப் பக்கம் உன்னைக் கணக்கப்பிள்ளையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துத் தேயிலைக்கு இன்னும் துளைப்பூச்சி வரவில்லை. அதை உள்ளே விடாமல் காப்பதுதான் உன் முதல் வேலை என்று துரை சொல்லியிருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளித் தோட்டத்திலிருந்து ஒரு குச்சிகூட எல்லை தாண்டி வரக்கூடாது என்று நீ காலையில் ஆள் கூடுகிற பெரட்டில் நின்று சத்தமாகச் சொன்னாயாம். அதையும் மீறி மூன்று பெண்கள், பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து மிலாறு கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்களாம். கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் குச்சிதானே மிலாறு, அதைப் போல நின்று எரிகிற விறகு நம் பெண்களுக்கு வேறு ஏது? வருகிற திங்கட்கிழமை அந்த மூன்று பேரின் பேரையும் வேலைப் பதிவிலிருந்து வெட்டச் சொல்லித் துரையிடம் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய்.

அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத்தான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. "அப்பா, பொண்ணு வீட்டுல முகூர்த்தக்கால் மாப்பிள்ளை வீட்டு மரத்துலதான் இருக்கணும்னு சொல்றாங்க. நம்ம முள்முருங்கையில நல்ல கெளையா ஒண்ணு வெட்டி, நாலு நாளைக்கு முந்தியே வண்டியில குடுத்து விடுங்க. கல்யாணம் முடிஞ்சதும் என் காம்பராவுக்குப் பின்னால நட்டுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அடே, முதல் பக்கத்தை எழுதிய கைதானே இதையும் எழுதியது? ஒரு குச்சிகூட உள்ளே வரக்கூடாது என்றவன், ஆள் உயரக் கிளையையே அனுப்பச் சொல்கிறாயே என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது. உன்மேல் பிழை இல்லை. துளைப்பூச்சி முள்முருங்கையிலும் குடியிருக்கும் என்பது உனக்குத் தெரியாது. ஒருவேளை உங்கள் துரைக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அதைத்தான் எழுத வந்தேன்.

கிளை அனுப்ப மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோபப்படு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு. அந்த மரம் உன் அம்மா கழுத்தில் நான் தாலி கட்டிய அன்று பந்தலில் நின்ற கால். கல்யாணம் முடிந்ததும் அவள் தானே தூக்கிக்கொண்டு போய் லயத்தின் மூலையில் நட்டாள். துளிர் விடுகிறதா என்று தினமும் காலையில் பெரட்டுக்குப் போகும் முன்னால் பார்ப்பாள். பத்தொன்பதாம் நாள் துளிர்த்தது. அன்று கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகும் வழியெல்லாம் பின்னால் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். அவள் போய் ஆறு வருஷமாகிறது. அவளுடைய பொருள் என்று இந்தக் காம்பராவில் ஒரு சேலையும் ஒரு அம்மிக்கல்லும் இருக்கின்றன, வாசலில் அந்த மரம் இருந்தது. மரத்திலிருந்து கிளை கேட்ட மகனுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மட்டும் ஆசையா?

இப்போது நடந்ததைக் கேள். ஹாலிஎலப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குத் துளைப்பூச்சி வந்தபோது நீ பதுளையில் படித்துக்கொண்டிருந்தாய். கொழுந்து பறிக்கிற பெண்கள் செடிக்குள் நுழைந்தால் கிளைவாது மளுக்கென்று ஒடிந்து விழுந்தது. ஒடிந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே மோதிரம் சுற்றினாற்போல ஒரு கறுப்பு வளையம். நான் அப்போது கவ்வாத்துக் கங்காணி. இருபது கத்தி என் பின்னால் நடக்கும். கண்டிப் பக்கமிருந்து பூச்சிகளை ஆராய்கிற பூச்சித் துரை ஒருவர் வந்தார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாதைப் பிளந்து காட்டினார். கேழ்வரகு அளவில் ஒரு கறுப்பு வண்டு. வெளியே பார்த்தால் ஊசி குத்தினாற்போல ஒரு துளை, அதன் வாயில் துளி மரத்தூள், அவ்வளவுதான். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "கங்காணி, இது தேயிலை மட்டும் இல்லே. ஆமணக்கு போகும். முருங்கை, உங்க கல்யாண முருங்கை, அதுவும் போகும். நீங்க மரம் தூக்கிட்டுப் போனா பூச்சி நடக்க வேண்டியதே இல்லே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெட்டின மிலாறை எல்லாம் மலையிலேயே குவித்துக் கொளுத்த வேண்டும், எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் உன் அக்காவுக்குக் கல்யாணம். பதுளைக்கு அந்தப் புறம், பூச்சி வராத தோட்டம். அவர்களும் இதைப் போலவே முகூர்த்தக்கால் கேட்டார்கள். பெண் வீட்டு மரமும் ஒன்று வேண்டும், இரண்டையும் சேர்த்து நடுவோம் என்று சம்பந்தி ஆசையாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். நல்ல கிளையாகப் பார்த்து வெட்டிக் கீழே இறக்கினேன். உன் அம்மா மஞ்சள் பூச உட்கார்ந்தவள், "என்னங்க, கெளையில ஊசி ஊசியா ஓட்ட இருக்கே" என்றாள். குனிந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் துளையை நான் தினமும் ஆயிரம் வாதில் பார்க்கிறவன். இன்னொரு கிளை வெட்டினேன், அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

அவளுக்கு வேறு பயம். "ஓட்டக் கால நட்டா அபசகுனம்னு சொல்லுவாங்களே. புள்ளைக்கு ஒரு சொல்லு வந்துருமே" என்று கையைப் பிசைந்தாள். எனக்கு உண்மையான பயம் என்னவென்று தெரியும். அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? இது சகுனம் இல்லை, பூச்சி, இதை அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வார்த்தை. சம்பந்தி வீட்டில் கவ்வாத்துக் கங்காணி மரத்திலேயே பூச்சியா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட என்னால் முடியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுடைய பயத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். "ஆமா, அபசகுனந்தான். மஞ்சளக் கொஞ்சம் கெட்டியா அரை. ஓட்ட தெரியாமப் பூசிரு. அதுமேல குங்குமம் வச்சிரு" என்றேன். அவள் அரைத்தாள், பூசினாள். விரலால் ஒவ்வொரு துளையாக அழுத்தி அடைத்தாள். கால் தங்கம்போல மின்னியது. பந்தலில் எல்லாரும் எவ்வளவு அழகான கால் என்றார்கள். மூன்றாம் நாள் உன் அக்கா அதைத் தன் லயத்துக்குப் பின்னால் நட்டாள். அங்கிருந்து தேயிலைக்கு நாலு எட்டு.

இதை எழுதும்போது மறுபடி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தாகம் ஒன்றும் இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து உன் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். போய் இறங்கின அன்றைக்குத்தான் அந்தத் தோட்டத்தில் முதல் துளை கண்டுபிடித்தார்கள். லயத்தை ஒட்டின நாலு வரிசைத் தேயிலையில் வாது ஒடிந்து தொங்கியது. துரை குதித்தார். யாரோ வெளித் தோட்டத்து விறகு கொண்டுவந்திருக்கிறார்கள், தேடு என்றார். தேடினார்கள். பக்கத்துக் காம்பராவில் செங்கமலம் என்று ஒரு பெண், அக்காவின் பிரசவத்தைப் பார்த்தவளே அவள்தான். அவள் காம்பராவுக்குப் பின்னால் ஒரு கட்டு மிலாறு இருந்தது. தன் அண்ணன் வேலை செய்கிற தோட்டத்திலிருந்து தலையில் சுமந்து கொண்டுவந்தது. எதற்கு? உன் அக்காவுக்கும் பச்சைக் குழந்தைக்கும் வெந்நீர் வைக்க. மழை பிடித்துக்கொண்ட நாளில் லயத்தில் காய்ந்த குச்சி ஏது?

சம்பந்திதான் அந்த மலைக்குக் கங்காணி. அவர் என்னைப் பார்த்து, "சம்பந்தி, நீங்க கவ்வாத்துக்காரரு. பூச்சித் துரைகிட்டயே படிச்சவரு. நீங்களே பொளந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். துரை பார்த்துக்கொண்டு நிற்கிறார். லயமே கூடி நிற்கிறது. நான் மூன்று குச்சியைப் பிளந்தேன். சுத்தமாக இருந்தன. வளையம் இல்லை, துளை இல்லை, ஒன்றுமில்லை. நிமிர்ந்தேன். பத்தடிக்கு அப்பால் உன் அக்காவின் முருங்கை கூரை உயரத்துக்கு வளர்ந்து நின்றது. மஞ்சள் எப்போதோ கரைந்துபோய்விட்டது. அடித்தண்டில் ஊசித் துளைகள் நான் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தன. வேறு யாருக்கும் தெரியவில்லை, அவர்கள் தேடுவது விறகை. இந்த விறகில் இல்லை என்று நான் சொன்னால், பின்னே எதில் என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். வாயைத் திறந்தேன். "சொல்றதுக்கில்ல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சம்பந்தி தலையாட்டினார். துரை தலையாட்டினார். மறுநாள் பெரட்டில் அவள் பேரையும் அவள் புருஷன் பேரையும் வெட்டிவிட்டார்கள். நான் அப்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தேன். அதே வருஷம் துரை லயத்தை ஒட்டி இருந்த மரம் எல்லாவற்றையும் வெட்டச் சொன்னபோது அக்காவின் முருங்கையும் போயிற்று. அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அதற்குள் பூச்சி மலை ஏறிவிட்டது. பூச்சி என் கம்பிலிருந்துதான் போனது என்று எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை. காற்றில் வந்திருக்கலாம், வண்டியில் வந்திருக்கலாம் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் பூசச் சொன்னது காற்று இல்லையே. உன் அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. ஒரு அபசகுனத்தை மறைத்தோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டே அவள் போய்விட்டாள்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் பதுளைக்குப் போனேன். ரயில் பாதை போடுகிறவர்கள் மலையை வெட்டிப் போட்டிருக்கிற மண்ணில் வண்டி புதைந்து புதைந்து போயிற்று. பொறுக்க முடியாமல் இறங்கி நடந்தேன். செங்கமலம் இப்போது கடைவீதியில், ஒரு முஸ்லிம் நானா கடை வாசலில் வெலிமடையிலிருந்து வருகிற முட்டைக்கோவாவும் கேரட்டும் வைத்து விற்கிறாள் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை வருஷமாக அந்தத் தெருவை விட்டு அடுத்த தெருவால் போய் வந்துகொண்டிருந்தேன். என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, கல்யாணச் சாமானா? மகனுக்குக் கல்யாணமாமே" என்றாள். தலை நரைத்துவிட்டது. நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை, ஒரு மாதிரி கூடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி சொன்னேன். "செங்கமலம், அன்னைக்கு நான் பொளந்த மூணு குச்சியிலயும் ஒண்ணுமில்ல. ஒன் வெறகு சுத்தமான வெறகு. பூச்சி இருந்தது நான் கொண்டாந்த கல்யாணக் காலுல."

அவள் கோவாவை அடுக்கிக்கொண்டே, "ஒண்ணுமில்லன்னு தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நானுந்தானே பக்கத்துல நின்னேன். எனக்கு என்ன கண்ணு இல்லையா? பொளந்த குச்சி வெள்ளையா இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல நீ?"

"யாருகிட்ட கேக்க? நீங்க கவ்வாத்துக் கங்காணி. நான் வெறகு பொறுக்குனவ." சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கோவாவை எடுத்து அடுக்கினாள். அப்புறம் சொன்னாள்: "எனக்கு விடுங்க. எங்க வீட்டுக்காரருதான் நம்பல. கங்காணியே பொளந்து பாத்துட்டாரு, அவருக்குத் தெரியாதாம்பாரு. வேற தோட்டத்துல எடுத்தாங்களா? எடுக்கல. பூச்சிக் குடும்பம்னு பேரு. அப்புறம் இந்த டவுனுல மூட்ட தூக்குனாரு. கண்ண மூடுற வரைக்கும் 'நீ கொண்டாந்த வெறகு, நீ கொண்டாந்த வெறகு'ன்னே சொல்லிட்டுப் போனாரு. இத நீங்க அவருகிட்ட வந்து சொல்லிருக்கணும்ணே. என்கிட்ட இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நின்று அழுத கிழவனை நானா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தண்ணி கிண்ணி வேணுமா அவருக்கு?" என்று கேட்டார். "வேணாம் நானா, நல்லாத்தான் இருக்காரு" என்று அவளே பதில் சொன்னாள். நான் என்ன செய்யட்டும் சொல் என்றேன். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். நான் போகாமல் நின்றேன். அதற்கப்புறம்தான் சொன்னாள்: "அன்னைக்கு நாங்க எறங்கிப் போறப்ப லயமே வாசல்ல நின்னு பாத்துச்சு. தோட்டத்து முகப்புல என் மூட்டைய அவுத்துக் கொட்டிப் பாத்துட்டுத்தான் விட்டாங்க. எதாவது குச்சி எடுத்துட்டுப் போறேனான்னு. ஒங்க சம்பந்திதான் பாத்தாரு. அவங்க முன்னால சொல்லுங்க, முடிஞ்சா." கூடையிலிருந்து இரண்டு கோவா எடுத்தேன். அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்துவிட்டாள். "ஒங்களுக்கு இன்னைக்கு யாவாரம் இல்லண்ணே. ஒங்க மகன் கணக்கப்பிள்ளையாமே. யாராவது வெறகு வச்சிருந்தா, எதுக்குன்னு மொதல்ல கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

அதனால் கேட்கிறேன். அந்த மூன்று பெண்களிடம் எதற்கு என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கணக்கப்பிள்ளை ஆன புதிதில் யாரும் கேட்பதில்லை. நானும் கத்தி கிடைத்த புதிதில் கேட்டதில்லை. ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கும், ஒருத்தி வீட்டில் காய்ச்சல் இருக்கும். ஒருத்திக்கு ஒன்றுமே இருக்காது, குளிர் மட்டும் இருக்கும். விறகு உள்ளே வந்தது பிழைதான், அதில் நான் உனக்கு எதிராகப் பேசவில்லை. பூச்சியோடு தாட்சண்யம் பார்த்தால் இரண்டு வருஷத்தில் உன் மலை முழுக்க ஒடிந்து விழும். அப்போது மூன்று பேருக்கு அல்ல, முந்நூறு பேருக்கு வேலை போகும். ஆகவே அந்தக் கட்டுகளை இப்போதே எடுத்து, அவிழ்க்காமல் அப்படியே, வெயிலில் காயட்டும் என்று கிடத்தாமல், அன்றைக்கே எரித்துவிடு. வைத்திருந்த இடத்தைக் கூட்டி அந்தக் குப்பையையும் எரி. பக்கத்துத் தேயிலையை வாரம் ஒரு தடவை நீயே குனிந்து பார். ஆளை அனுப்பிப் பார்க்காதே. அடித்தண்டைப் பார், மேலே பார்க்காதே. லயத்தைச் சுற்றி ஆமணக்கு நிற்கும், அதையும் பார்.

ஆனால் எரித்த கையோடு துரையிடம் போ. லயத்துக்கு விறகு வேண்டும் என்று கேள். காட்டோரத்து மரத்தில் காய்ந்ததை வாரம் ஒருநாள் வெட்டிக்கொள்ள விடச் சொல். முகம் சுளிப்பார். நீ மறுபடி கேள். அடுப்பு எரிந்தால் எந்தப் பெண்ணும் மலை ஏறி இறங்கி மிலாறு சுமக்க மாட்டாள். விறகுக்கு வழி செய்யாமல் விறகைத் தேடிப் பேர் வெட்டுகிற கணக்கப்பிள்ளையிடம், அடுத்த தடவை துளையைக் கண்டாலும் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். மறைப்பார்கள். என்னைப் போல மஞ்சள் பூசுவார்கள். திங்கட்கிழமை பேர் வெட்டாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுதினால் அப்பன் எழுதுகிற வார்த்தையா என்று சங்கடப்படுவாய்; எழுதிவிட்டேன், அடித்து அழிக்கப் போவதில்லை.

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றியும் ஒன்று. நல்ல பெண் என்று உன் அக்கா சொல்கிறாள், சந்தோஷம். அவள் ஒன்றுக்குப் பயந்தால், அந்தப் பயத்தை உன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொள்ளாதே. நான் அதைத்தான் செய்தேன். உன் அம்மா கெட்டிக்காரி. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளையை அடுப்பில் வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டில் போய், "எங்க மரத்துல பூச்சிங்க, ஒங்க மரமே போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். அவளுக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு உட்கார முடிவதில்லை.

நேற்றுக் காலையில் மரத்தை வெட்டினேன். எனக்குப் பதினெட்டு வயதில் அவள் நட்ட மரம், அறுபதைத் தாண்டி வெட்டுகிறேன். நேரம் பிடித்தது. கல்யாண வீட்டுக்காரர் முள்முருங்கையை வெட்டலாமா என்று மாரியாயி கத்தினாள், வந்து கையைப் பிடித்தாள். அடித்தண்டைப் பிளந்து அவளுக்குக் காட்டினேன். கறுப்பு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. எத்தனை வருஷமாக இதை வாசலில் வைத்துக்கொண்டு, பூச்சி எங்கிருந்து வருகிறது என்று மலை மலையாகத் தேடினோம் என்று நினைத்துக்கொண்டேன். மாரியாயி என் கையை விட்டாள். அப்புறம் அவளே அடுக்கிக் கொடுத்தாள். பச்சை மரம், லேசில் பிடிக்கவில்லை. சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். இன்னும் புகைகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே இடையில் போய்க் கிளறிவிட்டு வருகிறேன். வேரையும் தோண்டி எடுத்தாயிற்று. உன் அம்மா நட்ட இடத்தில் ஒரு குழி இருக்கிறது.

முகூர்த்தக்காலுக்கு உன் தோட்டத்து ஆற்றோரத்தில் நிற்கிற மூங்கிலில் ஒன்றை வெட்டி, நன்றாகப் பார்த்து, அதில் மாவிலை கட்டி நடு. துளிர்க்காதே என்று பெண்ணின் அப்பா முனகினால், துளிர்க்க வேண்டியது நீங்கள் இரண்டு பேரும் என்று நான் வந்து அவரிடம் பேசிக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டு மரத்துக்குப் பூச்சி என்று உள்ளதைச் சொல். பூசி மெழுகாதே.

நான் கல்யாணத்துக்கு முந்தின நாள் வருவேன். உன் அக்காவும், அவள் மாமனார் சம்பந்தியும், செங்கமலம் இறங்கிப் போனதைப் பார்த்து நின்ற அந்த லயத்துச் சனங்களும் அன்றைக்கே வருகிறார்களாம், எழுதியிருக்கிறாள். நீ உன் தோட்டத்து முகப்பில் நில். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவர் மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பது உன் வேலைதானே? என் மூட்டையையும் அவிழ். அப்பா என்று விட்டுவிடாதே. மற்றவர்கள் போன பிறகு என்று காத்திருக்காதே; எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முதல் மூட்டையாக அதை அவிழ்த்துக் கீழே கொட்டு. உள்ளே ஒரு வேட்டியும், உன் பெண்டாட்டிக்கு உன் அம்மாவின் சேலையும் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது. நீ நலமாக இருக்கிறாயா என்று அப்போது நேரில் கேட்டுக்கொள்கிறேன். பெற்ற அப்பன் மூட்டையையே கொட்டிப் பார்க்கிறானே, இவனும் ஒரு பிள்ளையா என்று சம்பந்தி கட்டாயம் சத்தம் போடுவார். போடட்டும். நீ பதில் சொல்லாதே, பேசாமல் நில். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் வருகிறேன்.

உன் அப்பா